எத்தன விடுவீங்க?

மூன்று மணிக்கு வரச் சொன்ன மனிதர் மூன்று மணிக்குத் தூங்குகிறார். குறட்டை அறைக் கதவைத் தாண்டி ஹாலுக்கு வருகிறது. ஹாலில் நான். உறை பிரிக்காத சோபா, அசைந்தால் பாலிதீன் சத்தம் போடுகிறது, அதனால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், எதற்கு அசையாமல் உட்கார வேண்டும், சத்தம் கேட்டு எழுந்து வரட்டுமே, நன்றாகவே அசைந்தேன், குறட்டை ஒரு மூச்சு நின்றது, மறுபடி பிடித்துக்கொண்டது. "உக்காருங்கம்மிணி. கறிச்சோறு உண்டுபோட்டு இப்பத்தான் சாஞ்சாரு. வந்துருவாரு" என்று சொல்லி ஒரு சொம்பு தண்ணீரை வைத்துவிட்டு அவருடைய மனைவி பாவாயக்கா உள்ளே போய்விட்டார். சொம்பைக் காலி பண்ணிவிட்டேன். சமையல்கட்டிலிருந்து வறுத்த மசாலா வாசம் வந்து வயிற்றைக் கிள்ளுகிறது. ஞாயிற்றுக்கிழமை. திருச்செங்கோடே கறி தின்றுவிட்டு மல்லாந்து கிடக்கும் நேரம். தறிகள்கூட நின்றிருக்கும். நான் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு, போர் போடுகிற ரிக் வண்டிக்காரர் ஒருவர் எழுந்திருப்பதற்காக அவருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் வீட்டிலும் கறி எடுத்தோம். மசாலாவை அரைத்து வைத்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன், அவர் உப்பை மறந்திருப்பார், இல்லையென்றால் இரண்டு தடவை போட்டிருப்பார், மகள் தட்டைத் தள்ளி வைத்திருப்பாள், அம்மா எங்கே என்று கேட்டிருக்க மாட்டாள். இந்த ஒரு வருஷத்தில் அதைக் கேட்பதையே அவள் விட்டுவிட்டாள்.

உங்களுக்கு நீங்களே முதலாளி. சேலத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளுக்கான வகுப்பில், ஏசி போட்ட ஹாலில் டை கட்டிய ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் சொன்னார். நேரம் உங்கள் கையில், வருமானம் உங்கள் கையில், சொல்லுங்கள் மைனாவதி மேடம், உங்களுக்கு மாதம் எவ்வளவு வேண்டும், நீங்களே முடிவு பண்ணுங்கள். நான் எழுந்து நின்று ஒரு தொகையைச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை, தொகையைச் சொன்னதற்கா, நம்பியதற்கா. அதற்கு முன்னால் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கொஞ்சம்தான், ஆனால் தேதி தவறாது, சாயங்காலம் மணி அடித்தால் பிள்ளைகளோடு பிள்ளையாக நானும் கேட்டைத் தாண்டிவிடுவேன். அதை விட்டுவிட்டு முதலாளி ஆனேன். நல்ல முதலாளியம்மா வாய்த்தாள் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டால் முறைக்கிறாள். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், போனஸ் வாங்கியவர்கள் வீடாகப் பார்த்துப் போ என்கிறாள். விடிகாலையில் பால் சொசைட்டிக்குப் போனால் வரிசையில் நிற்பவர்கள் எங்கேயும் ஓட முடியாது, அங்கே போய்ப் பேசு என்கிறாள். பஸ் காசு என்னுடையது, ஜெராக்ஸ் என்னுடையது, வருஷப் பிறப்புக்கு ஆளாளுக்குக் கொடுக்கிற டைரியும் காலண்டரும் நான் காசு கொடுத்து வாங்கியவை. சம்பளம் கேட்கும்போது மட்டும் முதலாளியம்மாவுக்குக் காது அடைத்துக்கொள்கிறது. வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், மீட்டர் கணக்கில் கூலி, கரண்டு போனால் கூலி கிடையாது. "எனக்குக் கரண்டு இல்லீனாத்தான் கூலி இல்ல, உனக்குக் கரண்டு இருந்தும் இல்ல" என்று ஒருநாள் சிரித்தார். கேலிக்குத்தான் சொன்னார். இரண்டு நாள் நான் அவரிடம் பேசவில்லை.

நேரம் என் கையில் என்றார்களே, அது என்ன நேரம்? ஊர் வேலை பார்க்கும்போது யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், அவர்களுக்கு வேலை. வேலை முடிந்து ஓயும்போது போனால், ஓய்ந்து உட்காரும்போதா வருவது என்று முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது நான் வாழ வேண்டும். இந்த வீட்டுக்கே எத்தனை நடை. முதல் தடவை வந்தபோது, இப்போது உள்ளே தூங்குகிற அர்த்தநாரி அண்ணன் சத்தீஸ்கரில் இருந்தார், வண்டி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை ஆயுத பூஜை, பொரியும் சுண்டலும் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் ரத்தப் பரிசோதனைக்கு லேப் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தேன், ஊசியைப் பார்த்ததும் மனிதர் நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்து போய்விட்டார். ஆயிரம் அடி பூமியைத் துளைக்கிறவருக்கு ஒரு சின்ன ஊசி! அந்த நடையெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? எந்தக் கணக்கிலும் சேராது. கல்யாண வீட்டில் நான் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலை காலியாகவே கிடக்கிறது. பெரியம்மா மகள் என்னைக் கண்டதும் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறாள், யாரும் கூப்பிடவில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சிரித்துக்கொள்ளட்டும், ஓடட்டும், எனக்கென்ன. எனக்கென்ன என்று சொல்லிக்கொண்டே அந்தக் காலி இலையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தோக்கவாடிப் பக்கம் ஒருவர் சின்ன வயதில் லாரி மோதிப் போய்விட்டார். எங்கள் கிளையில் என்னைப் போன்ற ஏஜெண்டுகளை மேய்க்கிற அதிகாரி ராஜவேலு சார் உடனே போன் செய்தார். "கருமாதி முடியட்டும் மேடம். மறுநாளே அந்தத் தெருவுக்குப் போயிருங்க. பயம் இருக்கறப்பவே பேசிறணும்." போனேன். அந்த வீட்டு வாசலில் செத்தவருடைய மனைவி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டத்தான் போனேன், கை வரவில்லை, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறம் வெங்காயத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் ராஜவேலு சார் கேட்டார், என்ன ஆச்சு மேடம். வெங்காயம் உரிச்சேன் சார் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

குறட்டை ஏறுகிறது, இறங்குகிறது. சுவரில் ரிக் வண்டியின் படம், சாமிப் படத்துக்குப் போடுகிற மாதிரி அதற்கும் ஒரு பிளாஸ்டிக் மாலை. எழுப்பலாமா? எழுப்பினால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டுமே. இல்லை, இன்றைக்கு வேண்டாம். இன்றைக்கு அவர் கோபித்துக்கொண்டால் நான் தொலைந்தேன். என் முதல் வருஷம் நாளையோடு முடிகிறது. புது ஏஜெண்டு முதல் வருஷத்துக்குள் இத்தனை பாலிசி பிடித்தாக வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் ஒரு கணக்கு, எனக்கு இன்னும் ஒன்று குறைகிறது. நாளைக்குள் அது வராவிட்டால் ஏஜென்சி போய்விடும். அந்த ஒன்றுதான் இப்போது உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. பரிசோதனை எல்லாம் முடிந்தாயிற்று, கையெழுத்தும் செக்கும் மட்டும் பாக்கி. நேற்றுச் சாயங்காலம் போன் செய்தார். "அம்மிணி, உங்க கமிஷன முழுசா எனக்கு விட்டுருங்க. நாளைக்கே கையெழுத்துப் போட்டுர்றேன்." கமிஷன் என்றால் ஏதோ மேல்வரும்படி என்று நினைத்துவிட்டார்கள் எல்லோரும். எனக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, பாலிசி போடுகிறவர் கட்டுகிற முதல் தவணையில் ஒரு பங்கு வரும், அதுதான் கூலி, முதல் வருஷம்தான் அது பார்க்கிற மாதிரி இருக்கும், அடுத்தடுத்த வருஷம் சொட்டுச் சொட்டாக வரும். அந்த முதல் பங்கைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எத்தன விடுவீங்க? வீட்டுக்குள் காலை வைத்ததும் அதுதான் கேள்வி. என்ன பாலிசி, யாருக்கு என்ன கிடைக்கும், ஒரு சுக்கும் கேட்பதில்லை. எத்தன விடுவீங்க? கமிஷனை விடுவது தப்பு என்று, ஏஜெண்டு ஆக எழுதிய பரீட்சையிலேயே ஒரு கேள்வி வந்தது, தப்பு என்று டிக் அடித்துத்தான் பாஸானேன். பாஸான மறுநாள் ராஜவேலு சார் எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுத்தார். கொழுந்தனார் பாலிசி போட்டார், சொந்தக் கொழுந்தனார், "வெளியாளுக்கே விடறாங்களாமா, அண்ணி எனக்கு விடாம இருப்பாங்களா" என்று என் வீட்டிலேயே உட்கார்ந்து என் கையால் காபி குடித்துக்கொண்டே கேட்டார். விட்டேன். அப்புறம் டீச்சர் ஒருத்தி, அப்புறம் மருந்துக் கடைக்காரர். விட்டேன், விட்டேன், ஒரு வருஷம் முழுக்க விட்டுக்கொண்டே இருந்தேன். ஊரில் ஒருவரிடமும் இப்படி யாரும் கேட்க மாட்டார்கள். பஸ் கண்டக்டரிடம் உன் சம்பளத்தில் எனக்கு எத்தனை என்று கேட்டுப் பாருங்களேன், விசில் அடித்து இறக்கிவிடுவார்.

விட்டால்தான் என்ன. யோசித்துப் பார், மைனா. விட்டால் ஏஜென்சி நிற்கும். ராஜவேலு சாரும் அதைத்தான் சொன்னார், "விட்டுடுங்க மேடம். நம்பர் வந்தாப் போதும். அடுத்த வருஷம் சம்பாரிச்சுக்கலாம்." இந்தப் பாலிசியில் அவருக்கும் பேர் வரும், காசு வரும், அதில் நீங்க எத்தன விடுவீங்க சார் என்று நான் கேட்கவில்லை. வாய் வரை வந்தது. விடாவிட்டால்? நாளைக்குச் சாயங்காலம் நான் யார்? பள்ளிக்கூடத்தில் என் நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள், போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், என் தண்ணீர் பாட்டில் இருந்த இடத்தில் அவள் பாட்டில். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், அப்பவே சொன்னேன் என்றுகூடச் சொல்ல மாட்டார், அதுதான் பயமாக இருக்கிறது. பெரியம்மா மகள் சொல்லுவாள். கொழுந்தனார் சொல்லுவார், என் காசை வாங்கிக்கொண்டவர், அவர்தான் முதலில் சொல்லுவார், அண்ணிக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தல என்று. விட்டால் ஏஜென்சி இருக்கும், அடுத்த வருஷமும் இதே மாதிரி இன்னொரு சோபா, இன்னொரு குறட்டை, அங்கேயும் விடு என்பார்கள், ஏனென்றால் அர்த்தநாரிக்கு விட்டாயே. விடாவிட்டால் ஏஜென்சி போகும். அப்படியானால் இரண்டு பக்கமும் எனக்கு ஒன்றும் இல்லை, ஒரு பக்கம் ஒன்றும் இல்லாமல் வேலை, ஒரு பக்கம் ஒன்றும் இல்லாமல் சும்மா. சும்மா இருந்தாலாவது ஞாயிற்றுக்கிழமை சோறு சூடாகக் கிடைக்கும். இப்படி நினைக்கும்போது சிரிப்பு வந்தது. சிரித்தேன், தனியாக, அந்தச் சோபாவில், மாலை போட்ட ரிக் வண்டியைப் பார்த்துக்கொண்டு. பசி வேறு. பாவாயக்கா ஒரு டம்ளர் காபி கொடுத்தால் என்னவாம், கொடுக்கட்டும், கொடுக்காமல் போகட்டும், என் நேரத்துக்கு இந்த வீட்டில் ஒரு டம்ளர் காபி விலைகூடக் கிடையாது.

போன் அலறியது. என்னுடையது இல்லை, உள்ளே இருந்து. குறட்டை நின்றது, கட்டில் முனகியது, தொண்டையைச் செருமுகிற சத்தம், அப்புறம் அர்த்தநாரி அண்ணனின் குரல், தூக்கம் கலைந்த எரிச்சலோடு. "என்றா? தண்ணி வல்லியா? வல்லீனா அதுக்கு நாம என்ன பண்றது? அந்தாளு காசு தர மாட்டேங்கறானா? நீ மேனேசரா இல்ல மண்ணாங்கட்டியா? எண்ணூறடி ஓட்டியிருக்குதுல்ல? டீசல் எரிஞ்சுதா இல்லியா? பசவ தூங்காம நின்னாங்களா இல்லியா? தண்ணி வர்றதும் வராததும் அவன் நெலத்தோட யோகம். நமக்கு அடிக்கணக்கு. ஒரு அடிக்குக்கூடக் கொறைக்காதே. காசு கைக்கு வராம வண்டிய அங்கிருந்து நவுத்தினீன்னு வெச்சுக்க, நீ ஊருக்கே வர வேண்டாம்." நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தண்ணீர் வரவில்லை, ஆனாலும் கூலி. எண்ணூறு அடி புழுதி, ஆனாலும் கூலி. எவ்வளவு நியாயமாகப் பேசுகிறார் மனிதர்! எழுந்து போய்க் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது. ரிக் நிற்கிற இடத்தில் டீசல், பையன்களின் தூக்கம், எல்லாவற்றுக்கும் விலை உண்டு. நான் நிற்கிற இடத்தில் மட்டும் எதற்கும் விலை இல்லையா? எனக்குத் தண்ணீர் வந்தே விட்டது, இவர் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார், தண்ணீர் வந்த பிறகும் கூலியை விடு என்கிறார். உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை நேரம் போய்வந்து போய்வந்து கொண்டிருந்த யோசனை அப்படியே நின்றுவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு வந்தார், லுங்கியை மடித்துக் கட்டியபடி. "ஏனுங்கம்மிணி, வந்து ரொம்ப நேரமாச்சுங்ளா?" மூணு மணிக்கே வந்துட்டனுங்ணா என்றேன். "சரி, கொண்டாங்க. பேசுனபடி விட்டுருவீங்கல்ல?" இல்லீங்ணா என்றேன். காதில் விழாதவர் மாதிரி எதிரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். "சரி, பாதி விடுங்க. உங்களுக்கும் பாவம், புதுசா வேற வந்துருக்கறீங்க." பாதி. பாதி என்றால் பாதி எனக்கு மிஞ்சும், ஒரு வருஷத்தில் அவ்வளவு கூட மிஞ்சியதில்லை, வாயைத் திறந்தால் சரி என்று வந்துவிடும் போல இருந்தது. "ஏனுங்ணா, இப்பப் போன்ல பேசுனீங்களே, அந்த ஆளுக்குப் பாதி அடிக்காசு விடுவீங்ளா?" என்றுதான் வந்தது. அவருக்குத் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது. "அது தொழிலுங்கம்மிணி." இதென்னங்ணா என்றேன். "அது வேற, இது வேற. ரிக்கு ஓடுனா டீசல் எரியுதுல்ல?" "நானும் சோறு தின்னுட்டுத்தானுங்ணா ஓடறேன். இன்னைக்கு அதுவும் திங்காமத்தான் வந்துருக்கறேன்." முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "இங்க பாருங்க, ஏஜெண்டுக ஊருக்குள்ள ஆயிரம் பேரு. முழுசா விட்டுப்போட்டு மேல ஒரு குக்கரும் குடுத்துட்டுப் போறாங்க. உங்களுக்கு இஷ்டமில்லீனா எடத்தக் காலி பண்ணுங்க."

எழுந்திருக்க வேண்டியதுதான். எழுந்திருக்கவில்லை. இத்தனை நடை நடந்திருக்கிறேன், இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறேன், எதற்காக வந்தேனோ அதை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லாமல் போவதாக இல்லை. வகுப்பில் ஒரு சொல்லை மட்டும் எடுக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஏதாவது ஒண்ணு ஆயிட்டா என்று சொல்லுங்கள், உங்களுக்கு அப்புறம் என்று சொல்லுங்கள், சாவு என்று சொல்லாதீர்கள், கைக்கு வந்த பாலிசி போய்விடும். போனால் போகிறது. "குக்கர் வாங்கிக்கங்ணா. ஆனா ஒண்ணச் சொல்லிப்போட்டுப் போறேன். நீங்க செத்துப்போனா உங்க வீட்டுல இருக்கறவங்களுக்கு என்ன வரும்னு நீங்க இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல." அப்போதுதான் சமையல்கட்டிலிருந்து பாவாயக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார், என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார், பாலிதீன் பலமாகச் சத்தம் போட்டது. "நான் கேக்கறேன். சொல்லுங்கம்மிணி. இவரு செத்தா எனக்கு என்ன வரும்?" "ஏய், உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று அவர் கத்தினார். "நீங்க சும்மா இருங்க. வருசத்துல பாதி நாளு வடக்க வண்டியோட கெடக்கறீங்க. ரண்டு தடவ போன் எடுக்கலீனா இங்க எனக்கு ஒடம்பு ஒதறுது. நீங்க சொல்லுங்க அம்மிணி." சொன்னேன். ஐம்பது லட்சம் என்றேன், யார் கையில் வரும், எத்தனை நாளில் வரும், தவணை கட்டத் தவறினால் என்ன ஆகும், எதை மறைத்தால் வராது, எல்லாம் சொன்னேன். அக்கா குறுக்கே குறுக்கே கேட்டார். வண்டிக் கடன் இருந்தால் அதில் பிடித்துக்கொள்வார்களா, இவருடைய அண்ணன் மச்சாண்டார் வந்து பங்கு கேட்டால் என்ன செய்வது, அவ்வளவு சரியான கேள்விகள். நான் கற்றுக்கொண்ட வேலை இதுதான், இதைச் செய்யத்தான் இத்தனை வீட்டுப் படி ஏறினேன்.

"போடுங்க" என்றார் பாவாயக்கா அவரைப் பார்த்து. அர்த்தநாரி அண்ணன் என்னையும் பார்க்காமல் மனைவியையும் பார்க்காமல் கையை நீட்டினார், பேனாவைக் கொடுத்தேன். செக் புத்தகம் வந்தது. பேனா தாளுக்கு மேலே வந்து நின்றது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார், கோபம் இல்லாத சிரிப்பு. "சரி அம்மிணி, நீங்க கெட்டிக்காரிதான். ஒரு நூறு ரூவாயாச்சும் விடுங்க. சாஸ்திரத்துக்கு. ரிக்குக்காரங்க நாலு பேரு கேப்பாங்க, ஒண்ணுமே விடாம போட்டேன்னு எப்படிச் சொல்றது?" பாவாயக்காவும் சிரித்தார். "நூறு தானுங்க, விட்டுருங்களேன். அவரு மொகத்துக்கு." நூறு ரூபாய். பையில் இருக்கிறது, பஸ்ஸுக்கு வைத்திருக்கிற சில்லறை போக ஒரு முழு நோட்டு. கொடுத்தால் கையெழுத்து, கையெழுத்தானால் ஏஜென்சி, முழுக் கமிஷன், ராஜவேலு சார், கொழுந்தனார், எல்லார் வாயும் அடைபடும். நூறு ரூபாய்க்காகவா இத்தனையையும் தொலைப்பேன், பைத்தியமா எனக்கு, ராஜவேலு சார் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். கொடுத்துவிட்டால் நாளைக்கு ரிக்குக்காரர்கள் நாலு பேரிடம் இவர் என்ன சொல்வார்? விட்டாள் என்று சொல்வார். எவ்வளவு என்று சொல்ல மாட்டார். விட்டாள் என்றுதான் சொல்வார். இருவரும் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்கள், நல்ல மனிதர்கள், எனக்கு அவர்கள்மேல் ஒரு கோபமும் இல்லை.

"விட மாட்டனுங்ணா" என்றேன். "போடறதா இருந்தாப் போடுங்க. இல்லீனாப் பேனாவக் குடுங்க." கையை நீட்டினேன். நீட்டியபடியே வைத்திருந்தேன்.